யார் தவறு என்று கேட்காத விசாரணை: தொழிலாளர் நஷ்டஈட்டின் கதை

பி.காம். படிக்கும் எல்லோரும் தொழிற்சட்டம் என்ற தாளைத் தாண்டித்தான் வர வேண்டும். அதில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 1923 என்று ஒரு பாடம் உண்டு. 'பணியின் காரணமாகவும் பணியின் போதும் நேர்ந்த விபத்து என்றால் என்ன?', 'பகுதி ஊனம், முழு ஊனம் வேறுபடுத்துக' என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்வோம், எழுதுவோம், மறந்துவிடுவோம். அந்தச் சட்டத்தின்படி நடக்கும் விசாரணையில் உண்மையில் என்ன கேட்கிறார்கள், அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விசாரணைக்கு அடிப்படை ஒரு பேரம். விபத்து நடந்தால் "யார் தவறு?" என்ற கேள்வியை இரண்டு தரப்பும் கைவிட வேண்டும். தொழிலாளிக்கு நிச்சயமான, சீக்கிரமான, ஆனால் அளவான பணம். முதலாளிக்கு, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடக்கூடிய செலவு. அதற்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம், பொருளின் விலையிலும் சேர்த்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசல் வழியாக வெளியே அனுப்பிய அந்தக் கேள்வி, வேறு வேறு வேஷத்தில் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அதுதான்.

கொள்ளைக் கப்பலில் ஒரு விலைப்பட்டியல்

உடல் உறுப்புக்கு விலை வைப்பது புதிய பழக்கம் இல்லை. 17-ம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் திரிந்த கடற்கொள்ளையர்களோடு வாழ்ந்த எக்ஸ்கெமெலின் என்பவர், 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கப்பல் புறப்படும் முன் கொள்ளையர்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் பற்றி அதில் வருகிறது. வலது கை போனால் 600 வெள்ளிக் காசு. இடது கைக்கு 500. வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் 100. கொள்ளையடித்த பொதுப் பணத்திலிருந்து முதலில் இதைக் கொடுத்துவிட்டு மீதியைத்தான் பங்கு போடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. "நீ ஏன் குனியவில்லை?" என்று காயம்பட்டவனை யாரும் கேட்கவில்லை. கை போயிருக்கிறது, பட்டியலில் தொகை இருக்கிறது, கொடு. அவ்வளவுதான். திருடர்கள் சுலபமாகச் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு நாகரிக உலகத்தின் சட்டம் வந்து சேர இன்னும் இருநூறு வருடம் ஆயிற்று.

கசாப்புக்கடை வண்டி உடைந்த கதை

இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்கடைக்காரரிடம் பிரீஸ்ட்லி என்ற வேலைக்காரர் இருந்தார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி வழியில் உடைந்து, அவர் தொடை எலும்பு முறிந்தது. முதலாளி மேல் வழக்குப் போட்டார். ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837-ல் மேல் நீதிமன்றத்தில் நீதிபதி அபிங்கர் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார்.

அவர் சொன்ன காரணம் விசித்திரமானது. இதை அனுமதித்தால் வீட்டு வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்ததற்கும், சமையல்காரர் செப்புப் பாத்திரங்களைச் சரியாகக் கழுவாததற்கும்கூட மற்ற வேலைக்காரர்கள் எஜமானர் மேல் வழக்குப் போட ஆரம்பித்துவிடுவார்களாம். வண்டியில் பாரம் அதிகம் என்பது எஜமானருக்குத் தெரிந்த அளவுக்கு வேலைக்காரருக்கும் தெரிந்திருக்கும், ஏறாமல் இருந்திருக்கலாமே என்றும் கேட்டார். ஏறாமல் இருந்தால் வேலை போகும் என்பது தீர்ப்பின் கணக்கில் வரவில்லை.

இந்த வழியில் வளர்ந்த மூன்று வாதங்கள் அடுத்த அறுபது வருடம் தொழிலாளிகளின் வழக்குகளைக் கவிழ்த்தன. ஒன்று, விபத்துக்குக் காரணம் உன்னோடு வேலை செய்தவன், நான் அல்ல. இரண்டு, ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். மூன்று, உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறது. மூன்றில் ஒன்று நிரூபணமானால் போதும், ஒரு காசு கிடைக்காது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளியே நேரில் வந்து இயந்திரத்தைத் தள்ளிவிட்டால் ஒழிய, முதல் வாதம் எப்போதும் அவர் கையில் தயாராக இருந்தது.

பேரம் பிறந்தது

இதை முதலில் மாற்றியது ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1884-ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் அமைத்து பிரீமியம் முழுவதையும் கட்ட வேண்டும். முழு ஊனம் என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம். யார் தவறு என்ற பேச்சே இல்லை. தொழிலாளர் மேல் அன்பால் மட்டும் பிஸ்மார்க் இதைச் செய்துவிடவில்லை. வளர்ந்துகொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சியிடமிருந்து தொழிலாளர்களைப் பிரிக்க வேண்டும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது.

இங்கிலாந்தில் 1897-ல் ஜோசப் சேம்பர்லின் முயற்சியால் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. நாம் மனப்பாடம் செய்யும் 'பணியின் காரணமாகவும் பணியின் போதும்' என்ற சொற்றொடரை இந்தச் சட்டத்தில்தான் எழுதினார்கள். ஆரம்பத்தில் ரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம் போன்ற ஆபத்தான தொழில்களுக்கு மட்டும். தொழிலாளி இறந்தால் மூன்று வருடச் சம்பளம் அல்லது 150 பவுண்டு, எது அதிகமோ அது. உச்சவரம்பு 300 பவுண்டு. வக்கீல் செலவில்லாமல் சுலபமாக முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் அந்த ஒரு சொற்றொடருக்கு அர்த்தம் சொல்லியே நீதிமன்றங்கள் தொகுதி தொகுதியாகத் தீர்ப்பு எழுதின.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேதனை. நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த கட்டாய நஷ்டஈட்டுச் சட்டத்தை 1911 மார்ச் 24 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தவறே செய்யாத முதலாளியிடம் பணம் பிடுங்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது காரணம். மறுநாள், மார்ச் 25, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்ததால் வெளியேற முடியாமல் போனவர்கள் உட்பட 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பிறகு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, 1914-ல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவுக்கு வந்த விதம்

நம் நாட்டில் 1855-ல் மரண விபத்துச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஆனால் சிவில் கோர்ட்டுக்குப் போய் எதிராளியின் தவறை நிரூபிக்க வேண்டும். கூலித் தொழிலாளியின் விதவைக்கு அது எட்டாத உயரம்.

1884-ல் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மனு தயாரித்தார்கள். வார விடுமுறை, மதிய இடைவேளை போன்ற கோரிக்கைகளோடு, வேலையில் காயம்பட்டால் குணமாகும் வரை முழுச் சம்பளம் வேண்டும், நிரந்தரமாக ஊனமானால் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்கள். பிஸ்மார்க் சட்டம் வந்த அதே வருடம்! பதில் கிடைக்க நாற்பது வருடம் ஆயிற்று.

முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானது. 1923 மார்ச்சில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

அன்றைய தொகைகளைப் பாருங்கள். தொழிலாளி இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், எது குறைவோ அது. நிரந்தர முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், அதிலும் எது குறைவோ அது. இங்கிலாந்தில் 'எது அதிகமோ' என்று எழுதியவர்கள் இங்கே 'எது குறைவோ' என்று எழுதினார்கள்.

சட்டத்தின் முதல் அட்டவணையில் உறுப்புகளின் பட்டியல் இருந்தது. முழங்கையிலோ அதற்கு மேலோ வலது கை போனால் 70 சதவீதம், இடது கை போனால் 60 சதவீதம் சம்பாதிக்கும் சக்தி இழப்பு. கட்டைவிரல் 25. கொள்ளையர் பட்டியலைப் போலவே இங்கும் வலது கை உசத்தி! பின்னால் வந்த திருத்தத்தில் வலது, இடது வேறுபாடு போய்விட்டது. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60 என்று ஆனது.

'யார் தவறு' என்ற கேள்வியை 1923 சட்டம் முழுவதும் கைவிட்டதா என்றால், இல்லை. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், இயந்திரத்தின் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்கலாம். தொழிலாளி இறந்துவிட்டால் இந்த வாதம் செல்லாது என்று பிறகு திருத்தினார்கள். நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது என்று 1995-ல் சேர்த்தார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தக் கேள்வி சட்டப் புத்தகத்திலிருந்து வெளியேறியது. விசாரணையிலிருந்து வெளியேறியதா?

விசாரணை எப்படி நடந்தது?

1923 சட்டத்தின் கீழ் விசாரிப்பவர் நீதிபதி அல்ல, ஆணையர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்கள் இந்தப் பொறுப்பில் இருந்தார்கள். சினிமாவில் பார்க்கும் கூண்டும் சுத்தியலும் இருக்காது. அலுவலகம்தான். ஆனால் சாட்சிகளை அழைக்கவும், சத்தியப் பிரமாணம் வாங்கவும், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு.

மனுவை விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம். விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் கொடுக்கலாம் என்று 1995-ல் மாற்றினார்கள். திருப்பூரில் கை போன பீகார் தொழிலாளி தன் சொந்த ஊர் ஆணையரிடமே போகலாம் என்று அர்த்தம். இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. மனுதாரருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், அவர் விரும்பினால், ஆணையரின் மேற்பார்வையிலேயே மனுவைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் தொழிற்சங்க நிர்வாகி ஒருவரை வைத்தும் வழக்கை நடத்தலாம். ஏழைகளுக்காக எழுதிய சட்டம் என்பது இந்த இடங்களில் தெரிகிறது.

மனு ஏற்கப்பட்டதும் முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும். அவர்கள் எழுத்துமூலம் பதில் கொடுப்பார்கள். எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று பார்த்து, தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை ஆணையர் குறிப்பார். பிறகு சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம், உத்தரவு. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஐந்து கேள்விகள்தான் வரும்.

*முதல் கேள்வி: இவர் உங்கள் தொழிலாளியா?*

விபத்து நடந்த மறுநாள் பலருக்கு முதலாளியே இல்லாமல் போய்விடுகிறார். "மேஸ்திரி கூட்டிவந்த ஆள், எனக்குத் தெரியாது" என்பார் கட்டட உரிமையாளர். மேஸ்திரியோ, "நானே கூலிக்காரன்" என்பார். இதற்குச் சட்டத்தில் பதில் உண்டு. தன் தொழிலின் ஒரு பகுதியை கான்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தாலும், பெரிய முதலாளிதான் முதலில் கட்ட வேண்டும். கட்டிவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வேலை செய்ததை நிரூபிக்க வேண்டுமே? வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய குறிப்பு, எஃப்.ஐ.ஆர். என்று எது இருந்தாலும் உதவும். ஒன்றும் இல்லாதபோது மிஞ்சுவது கூட வேலை செய்தவரின் சாட்சி. அவரோ இன்னும் அதே முதலாளியிடம் வேலை செய்துகொண்டிருக்கிறார். அவர் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள்.

*இரண்டாவது கேள்வி: விபத்து வேலையில்தான் நடந்ததா?*

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற சொற்றொடர் வருகிறது. 1952-ல் போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர்கள் கழியைக் கடந்துவந்த படகு கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் படகுத்துறை பொதுமக்களும் பயன்படுத்தும் இடம், அங்கே வேலை தொடரவில்லை என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை மறுத்தது. இன்னொரு வழக்கில், பம்பாய் பெஸ்ட் நிறுவனத்தின் பஸ் டிரைவர் ஒருவர் வேலை முடிந்து நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். பஸ்ஸில் இலவசமாகப் போவது அவர் வேலை ஒழுங்காக நடப்பதற்காகத் தந்த ஏற்பாடு, எனவே அது பணியின் போது நடந்ததுதான் என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படகுக்கு ஒரு நியாயம், பஸ்ஸுக்கு ஒரு நியாயம்.

'துவாரகா' என்ற கப்பலில் வேலை பார்த்த மாலுமி ஒருவர் 1961 டிசம்பரில் ஒரு இரவு காணாமல் போனார். கப்பல் நடுக்கடலில் இருந்தது. உடல் கிடைக்கவில்லை. குடும்பம் கேட்ட நஷ்டஈட்டை ஆணையர் மறுத்தார், உயர் நீதிமன்றம் கொடுத்தது, 1969-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி மறுத்தது. நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்பதில்லை, சூழ்நிலையை வைத்து ஊகிக்கலாம், ஆனால் அந்த ஊகத்துக்கு ஆதாரம் வேண்டும் என்பது தீர்ப்பு. நடுக்கடலில் காணாமல் போனவரின் குடும்பம் கரையில் இருந்துகொண்டு என்ன ஆதாரம் தேடும்?

*மூன்றாவது கேள்வி: எத்தனை சதவீதம்?*

பட்டியலில் இருக்கும் காயம் என்றால் சதவீதம் அங்கேயே இருக்கிறது. இல்லாத காயத்துக்கு டாக்டர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1968-ல் ஒரிசாவில் வேலையின்போது விழுந்த தச்சர் ஒருவருக்கு இடது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் பகுதி ஊனம். ஆனால் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது, எனவே அவரைப் பொறுத்தவரை இது முழு ஊனம்தான் என்றார் ஆணையர். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உடலில் எவ்வளவு போனது என்பதைவிட, அந்த மனிதரின் பிழைப்பில் எவ்வளவு போனது என்பதே கேள்வி. நஷ்டஈடு ஆணையர் உத்தரவு போட்ட நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கணக்குப் படிக்கிறவர்களுக்கு இது முக்கியம். கடன் எந்தத் தேதியில் பிறந்தது என்பதை வைத்துத்தானே வட்டி?

*நான்காவது கேள்வி: சம்பளம் எவ்வளவு?*

நம் பாடத்துக்கு நெருக்கமான கேள்வி இது. 1995 திருத்தத்துக்குப் பிறகு சூத்திரம் எளிது. இறந்தால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம். காரணி 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. வயது ஏற ஏறக் குறையும்.

கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1984-ல் 1,000 ரூபாய், 1995-ல் 2,000, 2000-ல் 4,000, 2010-ல் 8,000, 2020 ஜனவரியில் 15,000. இடைப்பட்ட வருடங்களில் விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும், வரம்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 40 வயதுத் தொழிலாளி இறந்துவிட்டார். உண்மையான சம்பளம் 15,000. பாதி 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். அவரே 6,000 ரூபாய்தான் வாங்கினார் என்று முதலாளி சொல்லி, மறுக்க ரசீது இல்லையென்றால்? 3,000 × 184.17 = 5,52,510. ஒரு சம்பளச் சீட்டு இல்லாததன் விலை 8,28,765 ரூபாய். கையில் ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் குறைத்து எழுதும் பழக்கம் வருமான வரி, பி.எஃப். சமாச்சாரம் மட்டும் இல்லை என்பது இந்த அறையில்தான் புரியும்.

*ஐந்தாவது கேள்வி: யார் கட்டுவது?*

இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அது இந்த வேலையை, இந்த ஆளை, இந்தத் தேதியை உள்ளடக்குகிறதா என்று வாதம் நடக்கும். தொழிலாளி இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தால் ஆணையரிடம் வரவே முடியாது, இ.எஸ்.ஐ.யிலேயே பலன் பெற வேண்டும். 1948-ல் வந்த அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் முதலில் கோயம்புத்தூரில் 1955-ல் நடைமுறைக்கு வந்தது. வாகன விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டம், தொழிலாளர் சட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டிலும் கேட்க முடியாது.

பணம் கைக்கு வரும் வழி

"கோர்ட்டு வேண்டாம், இந்தா வாங்கிக்கொள்" என்று ஒரு தொகையைக் கொடுத்து வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினால் என்ன ஆகும்? இதை 1923-லேயே யோசித்திருக்கிறார்கள். இறப்பு வழக்கில் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேரில் கொடுத்தது நஷ்டஈடு கொடுத்த கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்த முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. தொகை பற்றிச் சமரசம் செய்தால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று தெரிந்தால் பதிவு செய்ய அவர் மறுக்கலாம்.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதம். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று சார்ந்திருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் ஆணையர்தான். உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய விரும்பும் முதலாளி முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

நூறு வருடம் கழித்து

2009 திருத்தத்தால் இந்தச் சட்டம் 'ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம்' என்று பெயர் மாறியது. மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். கடைசியில், 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தபோது, 1923 சட்டம் ஓய்வு பெற்றது. அதன் அமைப்பு பெரும்பாலும் புதிய தொகுப்பின் ஒரு அத்தியாயமாகத் தொடர்கிறது. ஆணையர் இருந்த இடத்தில் 'தகுதிவாய்ந்த அதிகாரி' வருகிறார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு நிரூபணமானால், பணியின் போது நடந்ததாகவே கொள்ளப்படும் என்று இப்போது தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு நான்கு மாதம் முன்னால், 2025 ஜூலையில், உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்துக்கே இப்படி அர்த்தம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி. அவருக்கு அதிகாலை 3 மணிக்கு வேலை. 2003 ஏப்ரலில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, ஆலைக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். ஆணையர் 3,26,140 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் ஆணையர் உத்தரவைத் திருப்பிக் கொடுத்தது. நள்ளிரவில் ஒருவர் அந்தச் சாலையில் போனதற்கு வேலையைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

போர்பந்தர் படகில் மறுக்கப்பட்டது சர்க்கரை ஆலைச் சாலையில் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2003-ல் விபத்து, 2025-ல் தீர்ப்பு. 22 வருடம். அவர் இறந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை யாராவது இருந்திருந்தால், இன்று அந்தப் பிள்ளைக்கே பிள்ளைகள் இருக்கும்.

முதலில் சொன்ன பேரத்துக்கு வருவோம். தொழிலாளி தரப்பு ஒத்துக்கொண்டது, முழு நஷ்டத்தையும் கேட்காமல் அளவான தொகையோடு நிறுத்திக்கொள்வது. அதற்குப் பதிலாகக் கிடைக்க வேண்டியவை இரண்டு: நிச்சயம், வேகம். அட்டவணையும் காரணியும் உச்சவரம்பும் 'அளவான தொகை' என்ற பகுதியை ஒரு பைசா பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றன. நிச்சயமும் வேகமும்தான் பாக்கி. கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு பதிவைப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எந்த முதல் வருட மாணவரும் சொல்லிவிடுவார்.

புதிய சட்டத் தொகுப்பு நல்லதா கெட்டதா என்று இப்போதே சொல்வதற்கில்லை. ஆனால் அதை எப்படி அளப்பது என்று சொல்லலாம். விபத்து நடந்த நாளுக்கும் பணம் குடும்பத்தின் கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? அந்த எண் குறைந்தால் சட்டம் வேலை செய்கிறது. குறையவில்லை என்றால், அதன் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

உங்கள் வீட்டில், தெருவில், தறிப்பட்டறையிலோ பட்டாசு ஆலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சம்பளம் வாங்கியதற்கு ஏதாவது ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை அறையில் மற்ற எல்லாவற்றையும் யாராவது பேசி நிரூபித்துவிட முடியும். அந்தக் காகிதத்துக்கு மட்டும் ஈடு கிடையாது.